ஏட்டின் உடையவர் யார்?

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரத்திலே, ஒருபுறம் நந்திக்கடற் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் நெருக்க, இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிடலில் அமைந்த சிற்றூர் முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதிக்கு முன்னர் அதன் பெயரை அறிந்திருந்தோர் மிகச் சிலரே. இன்று உலகில் தமிழ் பேசப்படும் இடமெல்லாம் அப்பெயர் அறியப்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் எனக் கூறிற்று. அத்தொகையைக் குறித்த வாதப் பிரதிவாதங்கள் பின்னரும் ஓயவில்லை.

அத்தகைய ஓர் ஊரின் பெயரை முன்வைத்து இலக்கியச் சஞ்சிகை நடத்துவதைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று அன்பர்கள் சிலர் வினவலாம். தகும் என்றே நாம் கருதுகின்றோம். இறந்தோரின் எண்ணிக்கைகூட இன்றுவரை சர்ச்சைக்குரியதாய் இருப்பதற்குக் காரணங்கள் பல. அம்மக்கள் தம் வாழ்வைத் தாமே எழுதி, அச்சிட்டு, நாடெங்கும் பரப்புவதற்குரிய சாதனம் அவர்களது கையில் இல்லாதிருந்தமை அக்காரணங்களுள் ஒன்றன்றோ? அவர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதப்பட்டன, செய்திகள் எழுதப்பட்டன, பிரசாரங்களும் எழுதப்பட்டன. அவர்களே எழுதியவை மிகக் குறைவு. எழுதியவற்றுள்ளும் பல மண்ணோடு போயின.

ஆதலின், மக்களின் சொந்த ஏடு என்பது எவ்வாறு பிறக்கின்றது, எதனால் வாழ்கின்றது, எதனால் மடிகின்றது என்று ஆராய்தல் அவசியமாகின்றது. இதற்கு ஈழத்துத் தமிழ்ச் சஞ்சிகைகளின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

ஈழத்தின் முதற் தமிழ்ச் செய்தியேடு எனப் போற்றப்படும் ‘உதயதாரகை’ 1841 ஜனவரியில் வெளிவந்தது. அதனை வெளியிட்டோர் அமெரிக்க மிஷனரிமார். அவர்களுக்கு எதிர்முகமாகச் சைவத்தின் சார்பில் நின்ற ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். இருசாராரும் தமிழ் உரைநடைக்கு ஆற்றிய பணி பெரிது. எனினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அக்காலத்து அச்சியந்திரம் ஒரு சமய நிறுவனத்துக்கோ, சமயப்பற்றுடைய செல்வர்க்கோ உரியதாயிருந்தது. வாசிப்போர் ‘பயன்பெறுவோர்’ என்ற நிலையில் வைக்கப்பட்டிருந்தனரேயன்றி உடையவராய் இருந்தாரில்லை. 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ‘ஈழகேசரி’ 1958 வரை வாழ்ந்து, ஈழத்துச் சிறுகதைக்கும் கவிதைக்கும் களமாக விளங்கியது. அதுவும் ஒரு தனி மனிதரின் அச்சகத்தையும் அவரது தமிழ்ப்பற்றையும் ஆதாரமாகக் கொண்டே நின்றது.

இந்நிலையிலிருந்து விலகி, எழுத்தாளர் தாமே கூடித் தமக்கென ஏடு நடத்தும் முயற்சி 1940களில் அரும்பியது. யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கத்தைச் சார்ந்த இளைஞர்கள் 1946இல் ‘மறுமலர்ச்சி’யை வெளியிட்டனர். வரதர், அ. செ. முருகானந்தன் முதலியோர் அதன் தூண்களாய் நின்றனர். அதே ஆண்டில் கொழும்பில் கே. கணேஷ், கே. இராமநாதன் ஆகியோர் ‘பாரதி’ என்னும் ஏட்டைத் தொடங்கி, முற்போக்குக் கருத்துக்களுக்கு முதன்முதலாக ஒரு மேடை அமைத்தனர். ‘பாரதி’ நெடுநாள் நிலைக்கவில்லை. ‘மறுமலர்ச்சி’ 1948இல் நின்றது.

ஏன் நின்றன? எழுதுவதற்கு ஆளில்லாமலா? இல்லை. ஆற்றல் மிக்க எழுத்தாளர் ஒரு தலைமுறையே அன்று திரண்டிருந்தது. காரணத்தைக் கணக்கேட்டிலேதான் தேடவேண்டும்.

ஒரு சஞ்சிகையின் கணக்கு எளிமையானது, ஆனால் இரக்கமற்றது. தாளின் விலை, எழுத்துக்கோப்போரின் கூலி, அச்சுக்கூலி, கட்டுவேலை, தபாற் செலவு ஆகிய ஐந்தும் இதழ் வெளிவரும் வேளையிலேயே கொடுக்கப்பட வேண்டியவை. வரவு அவ்வாறன்று. கடைக்காரர் தமது கழிவை எடுத்துக்கொண்டு, விற்ற பிரதிகளுக்கு மாத்திரம், அதுவும் அடுத்த இதழைக் கொண்டுசென்று கொடுக்கும்போதுதான் பணந் தருவார். விற்காதவை அழுக்கேறித் திரும்பி வரும். ஈய எழுத்துக் காலத்திலே இத்துடன் இன்னொரு தொல்லையும் இருந்தது. சிறிய அச்சகங்களில் ஒரே வேளையில் சில பக்கங்களைக் கோப்பதற்குப் போதுமான எழுத்துக்களே இருக்கும். அவற்றை அச்சிட்டு, எழுத்துக்களைக் கலைத்து, மீண்டும் அறைகளில் இட்ட பின்னரே அடுத்த பக்கங்களைக் கோக்க இயலும். இடையில் ஒரு கலியாணக் கடிதமோ தேர்தல் துண்டுப்பிரசுரமோ அச்சகத்துக்கு வந்துவிட்டால், கைக்காசு தரும் அவ்வேலைக்கே முதலிடம். சஞ்சிகை காத்து நிற்கும். இத்தனையையும் தாங்குவதற்கு முன்கூட்டியே வந்துசேரும் பணம் வேண்டும். அப்பணத்துக்குப் பெயர்தான் சந்தா. சந்தா செலுத்துவதற்கு ஒரு வாசகர் கூட்டம் வேண்டும். 1946இல் அக்கூட்டம் இன்னும் முழுமையாக உருவாகியிருக்கவில்லை.

அது உருவாவதற்குச் சமூக மாற்றமொன்று தேவைப்பட்டது. 1945இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்து வலுப்பெற்ற தாய்மொழிக் கல்வியும் அம்மாற்றத்தைக் கொணர்ந்தன. ஆங்கிலக் கல்லூரியின் வாயிலைக் கண்டறியாத உழவரின் பிள்ளைகளும், தொழிலாளரின் பிள்ளைகளும், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளும் தமிழிலே படித்து வெளிவந்தனர். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதும், சிற்பி 1958 முதல் 1966 வரை ‘கலைச்செல்வி’யை நடத்த முடிந்ததும் இப்பின்னணியில் வைத்தே நோக்கப்பட வேண்டும்.

அதே காலத்தில் தமிழகத்திலும் இத்தகைய சோதனைகள் நடைபெற்றன. சென்னையில் வ. விஜயபாஸ்கரன் நடத்திய ‘சரஸ்வதி’ ஈழத்து எழுத்தாளர்க்கும் இடமளித்தது. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கினார், புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். இலக்கியக் கொள்கையில் இவ்விரு ஏடுகளும் வேறு வேறு முகாம்களைச் சேர்ந்தவை. எனினும் முதலாளியின் பணத்தை நாடாது வாசகனைத் தேடிச் செல்லுதல் என்பதில் இரண்டும் ஒரே பாதையில் நடந்தன.

அப்பாதையில் நெடுந்தூரம் நடந்தவர் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. 1927இல் பிறந்த அவர், தொடக்கப்பள்ளிக் கல்வியோடு நின்று, சவரத் தொழிலைத் தம் தொழிலாகக் கொண்டவர். ‘சரஸ்வதி’யில் எழுதியவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற அவரது சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஆகஸ்டில் அவர் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். அவர் தொழில் புரிந்த ஜோசப் சலூனே எழுத்தாளர் கூடும் மன்றமாயிற்று. சாதியின் பெயரால் கோயிற் கதவுகளும் தேநீர்க் கடைகளும் மூடப்பட்டிருந்த சமுதாயத்திலே, பட்டதாரிகளும் பேராசிரியர்களும் ஒரு சவரத் தொழிலாளியிடம் தம் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்து, வெளிவருமா என்று காத்திருந்தனர். இதனைவிடப் பெரிய சமூகப் புரட்சியை ஓர் இலக்கிய ஏடு வேறு எவ்வகையில் நிகழ்த்த முடியும்?

ஜீவா சஞ்சிகையைத் தம் கையிலேயே எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று விற்றார். இதனைச் சிலர் வறுமையின் அடையாளமாகக் கண்டனர். எம் நோக்கில் அது அவரது சுதந்திரத்தின் அத்திவாரம். தாமே விற்பவருக்குக் கடைக்காரர்க்குக் கொடுக்கும் கழிவு இல்லை. பணம் உடனே கைக்கு வரும். யார் வாசிக்கின்றார், யார் மறுக்கின்றார் என்பது நேரே தெரியும். ‘மல்லிகை’ எழுத்தாளர், கலைஞர் பலரின் உருவத்தை அட்டையில் பொறித்தது. சிங்கள இலக்கியத்தைத் தமிழாக்கி வெளியிட்டது. திக்குவல்லை, நீர்கொழும்பு, மலையகம் எனப் பிரதேசங்களுக்குச் சிறப்பிதழ்கள் படைத்தது. தலைநகரிலும் யாழ்நகரிலும் மாத்திரமே இலக்கியம் பிறக்கும் என்ற மயக்கத்தை அது கலைத்தது. 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமை உள்நாட்டு வெளியீடுகளுக்குச் சிறிது மூச்சுவிட இடங்கொடுத்தது என்பதும் உண்மை. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம் அக்கதவை மீண்டும் திறந்துவிட்ட போதிலும், ‘மல்லிகை’ சாயவில்லை. அதன் வேர் சந்தையில் இல்லாது சந்தாதாரரிடத்தில் இருந்தமையே காரணம். 1975இல் அ. யேசுராசா முதலியோர் தொடங்கிய ‘அலை’ ‘மல்லிகை’யின் நோக்கோடு முரண்பட்டு வாதிட்டது. அவ்வாதமும் ஆரோக்கியமானதே. பிறர் பணத்தில் நில்லாத இரு ஏடுகள் இருந்தாலன்றோ மெய்யான விவாதம் நிகழும்?

இனி வன்னிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் இத்தனை நடந்தபோது, ஆனையிறவுக்குத் தெற்கேயிருந்த பெருநிலம் எழுத்தில்லாக் காடாகவா கிடந்தது? அன்று. தண்ணிமுறிப்புக் கிராமத்தின் வாழ்வை ‘நிலக்கிளி’ என்னும் நாவலாக அ. பாலமனோகரன் படைத்தார். 1973இல் அது வெளிவந்தது கொழும்பில், வீரகேசரி பிரசுரமாக. முள்ளியவளை தந்த முல்லைமணி பண்டாரவன்னியனை நாடகமாக்கினார். பரந்தனைச் சேர்ந்த தாமரைச்செல்வி கமக்காரர் வாழ்வைக் கதைகளாக எழுதி ஈழத்து ஏடுகள் பலவற்றுக்கு அனுப்பினார். எழுத்து இங்கே விளைந்தது. அச்சு வேறிடத்தில் இருந்தது. நெல்லை இங்கே விளைவித்து ஆலைக்கு வெளியூர் அனுப்பும் அதே முறைதான் இலக்கியத்திலும் நிலவியது.

இதற்குரிய காரணங்கள் வெளிப்படையானவை. குளங்களை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய கிராமங்கள் ஒன்றுக்கொன்று பல மைல் தொலைவில் இருந்தன. குடாநாட்டிலிருந்து வந்த நிலமற்ற விவசாயிகளும், இன வன்செயல்களால் விரட்டப்பட்டு வந்த மலையகத் தொழிலாளரும் தம் வாழ்வை அப்போதுதான் ஊன்றிக்கொண்டிருந்தனர். கைகளில் ஏட்டைச் சுமந்து தெருத் தெருவாக விற்பதற்கு இங்கே நகரத் தெருக்கள் இல்லை. வவுனியாவில் கலை இலக்கிய நண்பர்கள் வட்டத்தினர் ‘மாருதம்’ என்னும் சஞ்சிகையை வெளியிட்டனர். நகரும் அச்சகமும் வாசகரும் ஓரிடத்தில் கூடும்போது ஏடு முளைக்கும் என்பதற்கு அது சான்று. மேலும் கால அவகாசம் கிடைத்திருப்பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கும் என எண்ண இடமுண்டு. அவகாசம் கிடைக்கவில்லை. போர் வந்தது.

போர் ஏடுகளை மூன்று வழிகளால் தாக்கிற்று: நெருப்பினால், பஞ்சத்தினால், அதிகாரத்தினால்.

1981 மே மாத இறுதியிலும் ஜூன் முதல் நாளிலும் யாழ்ப்பாணத்தில் பொலிசாரும் அவர்களோடு சேர்ந்தோரும் நடத்திய வெறியாட்டத்தில் பொது நூலகமும் அதன் 97,000 நூல்களும் எரிந்தன. ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் எரிந்தது. நூலகம் எரிந்தபோது அழிந்தவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத பழைய ஏடுகளும் இருந்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அரசாங்கம் பொருளாதாரத் தடையை விதித்தது. மின்சாரம் நின்றது, எரிபொருளும் தாளும் அரிதாயின. மாணவரின் பயிற்சிக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலே யாழ்ப்பாணத்து ஏடுகள் அச்சாயின.

மூன்றாவதான அதிகாரம் இருபுறமும் கூர்மையுடையது. சேமமடு என்னும் வன்னிக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு நாடகம் பயில வந்த செல்வி என்னும் கவிஞர், பெண்களுக்காகத் ‘தோழி’ என்னும் ஏட்டை நடத்தினார். 1991 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றனர். தடுப்பில் இருந்த நிலையில் 1992இல் பென் அமைப்பின் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் திரும்பி வரவேயில்லை. வன்னி மண் ஈன்ற ஒரு சுதந்திர ஏட்டாசிரியரின் கதி இது.

அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் ‘வெளிச்சம்’ என்னும் இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கியது. 1995 அக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்த பின்னர் அது வன்னியிலிருந்து வெளிவந்தது. வன்னி எழுத்தாளர் பலருக்கு அது களமளித்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. வன்னியில் பிறந்த எழுத்து வன்னியிலேயே அச்சாகும் நிலையை அது உண்டாக்கியது. ஆயினும் அதன் உடையவர் வாசகர் அல்லர், ஓர் இயக்கம். இயக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் எழுத்து அதில் வெளிவர இயலாது; வெளியே தனி ஏடாக வருவதற்கும் வழியில்லை. அக்கழகத்துக்குத் தலைமை தாங்கிய கவிஞர் புதுவை இரத்தினதுரை, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது படையினரிடம் சரணடைந்தபின் காணாமலாக்கப்பட்டோருள் ஒருவரானார்.

செல்வியையும் புதுவையையும் ஒரே தராசில் வைப்பது எம் நோக்கமன்று. இயக்கத்தின் கையால் மறைந்தவர் ஒருவர்; அரசின் கையில் அகப்பட்டு மறைந்தவர் மற்றவர். எழுதுகோலுக்கு உரிமையாளராகத் துப்பாக்கி வந்து நிற்கும் நாட்டில், அதனை எதிர்த்தவருக்கும் பாதுகாப்பில்லை. அதனோடு நின்றவருக்கும் பாதுகாப்பில்லை என்பதையே இவ்விரு முடிவுகளும் உணர்த்துகின்றன.

2009 ஜனவரி 2ஆந் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. அதன்பின் மக்கள் விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம் என்று ஊர் ஊராகத் தள்ளப்பட்டு இறுதியில் முள்ளிவாய்க்காலில் நெருக்கப்பட்டனர். ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமை குறைந்தது. முதலில் தளபாடம், பின்னர் நெல், பின்னர் புத்தகம், இறுதியில் முதியோரையும் நோயாளரையும்கூடத் தூக்கிச் செல்ல இயலாத நிலை. உயிருக்கு முன்னே கையெழுத்துப் பிரதி எம்மாத்திரம்? எஞ்சிய மக்களுள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டபோது, வன்னியில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த எழுத்துச் செல்வத்தின் பெரும்பகுதி மணலிலே சிதறிக் கிடந்தது.

எனினும் யாவும் அழிந்தனவோ? இல்லை. ‘வெளிச்சம்’ இதழ்களுள் பலவும், ‘மல்லிகை’யும், ‘மறுமலர்ச்சி’யும் இன்று படிக்கக் கிடைக்கின்றன. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய ஆவணகம் அவற்றைச் சேர்த்து வைத்துள்ளது. அவ்வாறு சேர்க்க முடிந்தது எதனால்? யாரோ ஒரு வாசகர், எங்கோ ஓர் ஊரில், தமது வீட்டுப் பெட்டியில் அவ்விதழ்களை வைத்திருந்தமையால். ஓரிடத்தில் குவிந்திருந்தது எரிந்தது. ஆயிரம் கைகளில் பரவியிருந்தது பிழைத்தது. வாசகரே சஞ்சிகையின் முதலாளி என்று மேலே கூறினோம். அவரே அதன் காப்பாளருமாவார் என்பதை வரலாறு மெய்ப்பித்துள்ளது.

‘மல்லிகை’ போரின் நடுவே யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்தது. ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து தொடர்ந்து வெளிவந்து, 2012இன் இறுதியில் தன் 401ஆம் இதழோடு நின்றது. டொமினிக் ஜீவா 2021 ஜனவரியில் மறைந்தார். எந்த அமைச்சும், எந்த இயக்கமும், எந்தக் கம்பனியும் அதன் உடையவராய் இருக்கவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் ஓர் ஏடு வாழ்ந்ததன் இரகசியம் அதுவே. குடாநாட்டின் தரைவழி மீண்டும் மூடப்பட்டிருந்த 2007இல், அல்வாயில் க. பரணீதரன் ‘ஜீவநதி’யைத் தொடங்கியமை, அப்பாதை அழியவில்லை என்பதற்கு அறிகுறி.

இன்று ஈய எழுத்து இல்லை. கணினி எழுத்துக்கோப்பவரின் அறையை ஒரு மேசைக்குள் அடக்கிவிட்டது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்துகொண்டு சில நூறு பிரதிகள் அச்சிடுவது முன்னைப்போல் அரிதன்று. ஆனால் பழைய வினா புதிய வேடத்தில் வந்து நிற்கின்றது. நிதி தருவோர் பலர் உளர். அரசின் திணைக்களங்கள் உள. தொண்டு நிறுவனங்கள் உள. கடல் கடந்து வாழும் அன்பர்களின் கொடையும் உளது. அவற்றுள் நல்லெண்ணம் இல்லையென நாம் கூறவில்லை. ஆயினும் நிதி தருவோர் எல்லார்க்கும் கேட்க விரும்பும் கதையொன்று இருக்கும். ஒருவர்க்கு வீரம் மாத்திரம் வேண்டும். ஒருவர்க்குக் கண்ணீர் மாத்திரம் வேண்டும். இன்னொருவர்க்கு ‘அபிவிருத்தி’ மாத்திரம் வேண்டும். முள்ளிவாய்க்காலில் கணவனை இழந்து, இன்று கடனுக்குக் கோழி வளர்த்துப் பிள்ளையைப் படிப்பிக்கும் பெண்ணின் கதையில் மூன்றும் உள; மூன்றிலும் அடங்காதவையும் உள. அவள் இயக்கத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வியும், அரசைப் பற்றிக் கேட்கும் கேள்வியும், தன் சொந்தச் சமூகத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வியும் ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டுமாயின், அப்பக்கத்தின் விலையைக் கொடுப்பவர் அவளைப் போன்றோராகவே இருத்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சப்படுகின்றது. அரிசி ஒருவர் தருகின்றார். விறகு இன்னொருவர் தருகின்றார். தேங்காய் மற்றொருவர் தருகின்றார். எவர் வந்தாலும் ஓர் அகப்பை கிடைக்கும். அக்கஞ்சிக்குத் தனி உடையவர் எவருமிலர். அம்மக்களுக்குக் கூட்டாக ஒன்றைப் படைத்துக் கூட்டாகப் பகிரத் தெரியும். அதே முறையில் ஊருக்குப் பத்துச் சந்தாதாரர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி, கணக்கு எல்லார்க்கும் தெரியுமாறு கடைசிப் பக்கத்தில், ஒவ்வோர் இதழிலும் சில பிரதிகள் தொலைவிலுள்ள நூலகங்களுக்கு, இவ்வளவு ஒழுங்கோடு ஓர் ஏட்டைத் தொடங்கலாம். முதலிதழ் மெலிந்திருப்பதில் குற்றமில்லை. இரண்டாம் ஆண்டிலும் அது வெளிவருகின்றதா என்பதையே நாம் பார்த்தல் வேண்டும். அவ்வாறு வெளிவரும் ஏட்டுக்குச் சந்தா செலுத்துவது வன்னியின் எழுத்தாளர்க்கு மாத்திரமன்று, தமிழ் வாசகர் எல்லார்க்கும் உரிய கடமையாகும்.